ஐந்தாம் நாள் பழங்கறி

"மங்கலம், இப்பம்தான் கொதிக்க வச்சு இறக்கியிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் மூடியைத் தொறக்காண்டாம், கேட்டியா?"

ஸ்ரீவராகம் வீட்டு வாசலில் கையில் பையோடு நின்றபடி மாமியார் பகவதியம்மை சொன்னாள். திங்கட்கிழமை கல்யாணமான மகளை வடசேரியில் புகுந்த வீட்டில் விட்டுவர, சித்திக்காரிதான் போவதாக இருந்தது. புதன்கிழமை விடிந்ததும் பகவதியம்மை திடீரென்று தானே போவதாகச் சொல்லிப் புடவை மாற்றிக் கிளம்பிவிட்டாள்.

சட்டியில் இருந்தது பழங்கறி. கல்யாணப் பந்தியில் மிஞ்சிய சாம்பார், அவியல், எரிசேரி எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் கொட்டி, காலையும் மாலையும் அடிவரை கொதிக்கவிட்டு, சுண்டச் சுண்ட நாள்கணக்கில் வைத்துச் சாப்பிடுவது நாஞ்சில் நாட்டு வழக்கம். கல்யாண விருந்தைக்கூட மறந்துவிடுவார்கள், இதை மறக்கமாட்டார்கள். மாமியாரின் தம்பி ஆறுமுகநயினாருக்குப் போனக்காடு எஸ்டேட்டில் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வருவதாகவும், தனக்குப் பழங்கறி மட்டும் எடுத்துவைத்தால் போதும் என்றும் கடிதம் போட்டிருந்தார்.

மங்கலம் திருநெல்வேலிக்காரி. வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவள் கைக்கு நாஞ்சில் சமையல் வராது என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இந்தச் சட்டியை ஒழுங்காகக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சு அடங்கிவிடும் என்று மங்கலத்துக்கு ஒரே ஆசை.

சாயங்காலம் மூடியைத் திறந்தாள். மேலே நுரை கட்டியிருந்தது. புளித்த வாடை குப்பென்று அடித்தது.

மங்கலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. பூனைக்குப் பயந்து சட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தவள் அவள்தான். அந்த வெதுவெதுப்பில்தான் கெட்டிருக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆபீஸிலிருந்து வந்த கணவன் தாணுமாலயன், இன்னும் இரண்டு கொதி விட்டால் சரியாகிவிடாதா என்று கேட்டான்.

"நுரைச்சது நுரைச்சதுதான். எவ்வளவு கொதிச்சாலும் விஷம் விஷந்தான். வாரவுகளுக்கு வயித்தைக் கலக்கிட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

கறியைத் தென்னை மூட்டில் புதைத்தார்கள். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெந்நீரில் கழுவினாள்.

மறுநாள் தாணுமாலயன் ஆபீஸுக்குத் தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டு, சாலைக் கம்போளச் சந்தையில் சேனையும் வாழைக்காயும் தடியங்காய் என்கிற வெள்ளைப் பூசணியும் வாங்கிவந்தான். உட்கார்ந்து தேங்காயும் துருவினான். மங்கலம் மூன்று கறியையும் தனித்தனியாகச் சமைத்து, ஒரே சட்டியில் கொட்டிச் சுண்டவிட்டாள். பொழுது சாய்வதற்குள் நாலு தரம் கொதிக்கவைத்து, ஒரே நாளில் நாலு நாள் வயதை ஏற்றிவிட்டாள்.

"கள்ளக் கையெழுத்துப் போடுகதை விட மோசமாக்கும் இது," என்று அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமியாரும் வந்து சேர்ந்தாள், ஆறுமுகநயினாரும் வந்து சேர்ந்தார். இலை போட்டு மங்கலம் பரிமாறினாள். பகவதியம்மை அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிடும்படி தம்பியிடம் சொன்னாள். சந்தேகப்பட்டுவிட்டாள் என்றே மங்கலம் நினைத்தாள்.

அவரோ ஒரு உருண்டையை வாயில் போட்டார். கண்ணை மூடினார். மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"அக்கா, இதாக்கும் பழங்கறி. உன் மருமக நாஞ்சில் நாட்டுலெ பிறக்க வேண்டியவ."

பகவதியம்மை ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கை கழுவியதும் மருமகளைக் கிணற்றடிக்கு வரச் சொன்னாள்.

மாட்டிக்கொண்டோம், இனி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் என்று மங்கலம் வாயைத் திறந்தாள். அதற்குள் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"செவ்வாக்கிழமை சாயங்காலம் அலுப்பிலெ சூடாக்காம உறங்கிட்டேன் மக்களே. காலம்பற பாத்தா நுரைச்சுப்போய்க் கெடக்கு. பழி உன் தலையிலெ விழட்டும்னுதான் அன்னைக்கு பஸ் ஏறினேன். அவ்வளவு கெட்டுப்போன கறியை நீ எப்பிடி நேராக்கினே? எனக்கும் கொஞ்சம் சொல்லித் தா."