இன்றைக்குப் பாட்டு கிடையாது

இன்றைக்குப் பாட்டு கிடையாது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

பல் துலக்கும்போது சொன்னாள். தலை வாரிவிடும்போது சொன்னாள். இலை போடும்போது ஒவ்வொரு காதாகக் குனிந்து இன்னொரு முறை சொன்னாள்.

எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள்.

அவள் பார்த்துக்கொள்ளும், மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கான அந்த இல்லத்துக்குச் சாப்பாடு போட வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பிறந்தநாளுக்குத்தான் வருவார்கள். கேக் வரும். மெழுகுவத்தி ஏற்றுவார்கள். இவர்கள் கைதட்டிப் பாடி, ஊதி அணைப்பார்கள். பழக்கிவிட்டவளும் அவளேதான். அந்தப் பாட்டில் மயங்கி மறுவருடமும் வந்தவர்கள் உண்டு.

இன்று வருகிறவர் செத்துப்போன மனைவியின் நினைவு நாளுக்கு வருகிறார்.

தவசிலிங்கம் அண்ணாச்சி. பஜாரில் பெரிய இரும்புக்கடை. பொங்கலுக்கு ஒரு போன், தீபாவளிக்கு ஒரு போன், மழை பெய்தால் கடைக்குள் தண்ணீர் வந்ததா என்று ஒரு போன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அப்படி அவள் நகர்த்திய ஆள்.

வருடம் பூராவுக்குமான ராத்திரிச் சாப்பாட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

"வந்து பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றிருந்தார்.

இதற்கு முன்னால் அதை ஏற்றிருந்த குடும்பம் தகப்பனார் திதிக்கு வந்தது. அவர் படத்தைப் பார்த்து இவர்கள் பிறந்தநாள் பாட்டைப் பாடி வைத்தார்கள். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் போனை எடுப்பதில்லை.

அண்ணாச்சியும் கைவிட்டால் சிலரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று நிர்வாகி சொல்லிவிட்டார். யார் யார் என்றும் சொன்னார். அதில் செண்பகமும் உண்டு.

செண்பகத்தை அவளுடைய அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையிலிருந்து கூட்டி வந்தார்கள். கணுக்காலில் கயிற்றுத் தழும்பு இன்னும் இருக்கிறது.

கார் வந்து நின்றது.

அண்ணாச்சி படத்தைத் தானே தூக்கி வந்தார். படத்தில் கனியம்மாள், மூக்குத்தியும் கொஞ்சம் மிரண்ட கண்களுமாக. ஏதோ அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியிருந்தார்கள். வீட்டில் வேறு படம் இல்லை போலிருக்கிறது.

நாற்காலியில் வைத்தார். மாலை போட்டார். பந்தியில் சத்தமே இல்லை.

செண்பகம் தன் உதடுகளை இரண்டு விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாவம், சொன்ன சொல் கேட்கப் பார்த்தாள்.

பாட்டைத் தடுக்க அவள் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருந்தாள். மெழுகுவத்தி, கேக் வெட்டும் கத்தி, காகிதத் தொப்பி எல்லாம் பீரோவுக்குள் இருந்தன. சாவி அவள் இடுப்பில்.

அண்ணாச்சி பைக்குள் கைவிட்டு ஒரு அகல் விளக்கை எடுத்தார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஏற்றிவிட்டார்.

முதலில் ஒருத்தி கைதட்டினாள். அப்புறம் பந்தி முழுக்கத் தட்டியது. பாட்டு கூரையைப் பிய்த்தது. அவள் போட்ட 'உஷ்' அதில் யாருக்கும் கேட்கவில்லை.

செண்பகம் எழுந்து ஓடினாள். கனியம்மாள் படத்துக்கு முன்னால் மண்டியிட்டாள். கன்னத்தை உப்ப வைத்து, விளக்கை ஒரே ஊதலில் அணைத்தாள்.

பிறகு அண்ணாச்சியிடம் கையை நீட்டினாள்.

"கேக்கு?"

அண்ணாச்சி அணைந்த திரியைப் பார்த்தார். புகை போகும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அவளுக்கு அழுகை வந்தது. யாரைத் திட்டுவது? பருப்பு ஊற்றினாள். அப்பளம் வைத்தாள். செண்பகம் இரண்டாவது அப்பளம் கேட்டாள், கொடுத்தாள். நடுவில் அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது.

படத்தைக்கூட விட்டுவிட்டுப் போய்விட்டார். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை.

பாயசம் ஊற்றும்போது மறுபடியும் கார் சத்தம்.

படத்துக்காகத்தான் என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். மன்னிப்பு நாக்கு நுனியில் இருந்தது.

அண்ணாச்சி கையில் பேக்கரி டப்பா இருந்தது. நூல் போட்டுக் கட்டியது.

"மெழுகுவத்தி எத்தன வேணும்னு கேட்டான், தாயி" என்றார். "எனக்குச் சொல்லத் தெரியல."

அவள் டப்பாவை வாங்கிக்கொண்டாள். பீரோவைத் திறந்து ஒரே ஒரு மெழுகுவத்தி எடுத்து வந்தாள்.

கேக்கில் பேர் எழுதியிருந்தது. இந்தத் தடவை பேரைச் சேர்த்தே பாடினார்கள். கனியம்மாள், கனியம்மாள் என்று ஆளுக்கொரு ராகத்தில். அண்ணாச்சி கைதட்டவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

செண்பகம் ஊதினாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு செண்பகத்தையே பார்த்தார். அவள் கனியம்மாள் படத்துக்கு ஒரு விரல் கிரீமை ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருசமும் இந்தப் பிள்ள இங்கதான இருக்கும்?" என்று கேட்டார்.

அது ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் சொல்லப்போகும் பதிலில்தான் இருந்தது. அவள் அண்ணாச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.