கடைசிப் பெட்டியின் கொக்கி

முற்றத்தைச் சுற்றி ஓடும் அந்தப் பெரிய பொம்மை ரயிலுக்கு அப்பா செய்யாத சீரில்லை. எஞ்சினுக்குள் பேட்டரி வைத்தார். ஒலிபெருக்கி பொருத்திக் கூவவும் வைத்தார். என்ன பயன்? தண்ணீர்த் தொட்டி வளைவில் கடைசிப் பெட்டி மட்டும் கழன்று நின்றுவிடும். மற்றவை திரும்பியும் பாராமல் ஓடிவிடும்.

"கொக்கியை நான் சரி பண்றேம்ப்பா."

"நீ உன் வேலையைப் பாரும்மா."

அப்பாவுக்குக் கை தளர்ந்துவிட்டது, ஒப்புக்கொள்ளத்தான் மனமில்லை என்று மகள் முடிவுகட்டினாள். நாளை பெற்றோரின் திருமண நாள். உறவினர் கூடிச் சிரித்தால் அந்த மனிதர் தாங்குவாரா? அவர் கடைக்குப் போன நேரத்தில், முனை தேய்ந்த கொக்கியை எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டினாள்.

மறுநாள் ரயில் கூவிப் புறப்பட்டது. வளைவிலும் கடைசிப் பெட்டி கம்பீரமாகத் தொடர்ந்தது. உறவினர் கைதட்டினர், அப்பாவின் முகமோ வாடியது.

"ஏங்க, அரம் போட்டுத் தேய்ச்சு வெச்சீங்களே, அந்தக் கொக்கி எங்கே?" என்றாள் அம்மா.

"நான்தாம்மா மாத்தினேன்!" என்றாள் மகள் பெருமிதத்துடன்.

அம்மா அவளை இழுத்துக் காதில் கிசுகிசுத்தாள்: "அடி பைத்தியமே! வீட்டுல பார்த்து முடிச்ச கல்யாணம்னு ஊருக்குச் சொல்லி வெச்சிருக்கோம். நிஜத்துல, ஒருநாள் ரயில்ல கடைசிப் பெட்டி கழண்டு நடுவழியில நின்னுபோச்சு. உள்ளே முன்பின் தெரியாத ரெண்டே பேரு, நானும் உங்கப்பாவும். அன்னிக்கு எவனாவது கொக்கியை ஒழுங்கா மாட்டியிருந்தா, இன்னிக்கு மாட்ட நீயே இருந்திருக்க மாட்டே!"

பழைய கொக்கியைத் தேடிக் குப்பைக்கூடைக்கு ஓடினாள் மகள்.