எலும்பு மாதம்

வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள் மலையில் நடத்தும் முகாமில் மாதம் ஒரு பாடம். அதற்கேற்ற காயம் வராவிட்டால் கூடாரத்தைப் பிரித்துவிடுவார்கள். இது எலும்பு மாதம். இன்னும் ஒரு முறிவுகூட வரவில்லை. குப்பாயிக்கு அடுத்த மாதக் கடைசியில் பிரசவம். வேறு டாக்டர் கிடையாது.

அவள் கணவன் பொன்னுரங்கன் அம்மிமேல் கையை வைத்தான்.

“ஓங்கிப் போடு, மச்சான்.”

குப்பாயியின் அண்ணன் கடப்பாரையை இறக்கினான். முதல் அடி வழுக்கித் தோலை உரித்தது. இரண்டாவது அடியில் எலும்பு வெளியே வந்தது.

நார்வே மாணவி கண்கலங்கியபடி கட்டுப்போட்டாள். “மிக்க நன்றி,” என்றாள், கற்றுவைத்திருந்த தமிழில். “முகாம் இருக்கும். அடுத்த மாதம் தீக்காயம்.”

குப்பாயி அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வாசலில் அவன் நின்றான்.

“ஒத்தக் கையால சட்டியத் தூக்க முடியாது. எண்ணெய நீதான் ஊத்தணும், குப்பாயி.”