அப்டேட்டுக்குப் போட்ட பூட்டு

"திருட்டுப் பசங்க, மறுபடி உள்ள வந்துட்டானுங்க."

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து ராடிவோய் பல்லைக் கடித்தார். 'புதிய பதிப்புக்கு மாறத் தயாரா?' என்று நீலக் கட்டம் இளித்தது. போன சனிக்கிழமைதான் அப்டேட்டை அடியோடு முடக்கி வைத்திருந்தார்.

மாறினால் தொலைந்தது. அவருடைய புறாக்களின் இருபது வருஷ வம்சாவளி பழைய புரோகிராம் ஒன்றில் இருந்தது. புதுப் பதிப்பில் அது திறக்கவே திறக்காது என்று ஸ்ரெனியானின் நகரத்துப் புறாச் சங்கத்தில் இரண்டு பேர் அழாத குறையாகச் சொல்லியிருந்தார்கள். இந்த அப்டேட்டை அனுப்புகிற கம்பெனியில் எவனுக்காவது புறாவுக்கும் காக்கைக்கும் வித்தியாசம் தெரியுமா?

முற்றத்தில் மனைவி விடோசாவா குளிர்காலத்து அய்வார் துவையலுக்காகக் குடமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தீ அதிகம், தோல் ஒட்டியிருக்கு, எண்ணெய் போதாது என்று சொல்லித் தந்தால்தான் அவளுக்கு வேலை ஒழுங்காக நடக்கும். பாவம், இந்த மாதம் நாலு சனிக்கிழமையும் தனியாகத் திண்டாடுகிறாள்.

எண்டர் பட்டனில் கருகிய மிளகாய்த் தோல் ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எறிந்தார். மவுஸை எந்தக் கையில் பிடிப்பதென்று தெரியாது, தூசி துடைக்க மட்டும் வந்துவிடுவாள் என்று முணுமுணுத்தார்.

மூன்று மணி நேரம் மல்லுக்கட்டி அப்டேட் சேவையை நிறுத்தினார். அது மறுபடி எழுந்து வரும் சந்துபொந்தையெல்லாம் அடைத்தார். இந்த ஊரில் இதைச் செய்ய இன்னொருத்தனுக்குத் துப்பில்லை. ஜெயித்த செய்தியைச் சொல்ல ஜன்னலுக்கு வந்தார்.

வெளியே பக்கத்து வீட்டு நேவெனா தோல் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏன்டி, வருஷா வருஷம் உன் புருஷன் வந்து உக்காந்து நம்ம உசுர வாங்குவாரே, இந்த வருஷம் ஆளையே காணோம்?"

விடோசாவா நிதானமாக மிளகாயைத் திருப்பிப் போட்டாள்.

"புறா விவரத்தயெல்லாம் பென் டிரைவ்ல பத்திரமா எடுத்து வச்சுட்டேன்கா. இப்ப சனிக்கிழமை ஆனா, அவர் போட்ட பூட்ட நான்தான் தொறந்து விட்டுட்டு வரேன்."