இருட்டில் பெண் பார்த்தார்கள்

"ஏனுங்க, பொண்ணு பார்க்க வந்தவங்களுக்கு ஒரு லைட்டு கூடப் போட மாட்டாங்களா?"

சாந்தாமணி கணவரின் காதைக் கடித்தாள். வேலுசாமிக்கு அது காதில் ஏறவே இல்லை. பெண்ணின் அப்பா காளிமுத்துவிடம் தன் புது எலக்ட்ரிக் காரின் பெருமையை அளந்துகொண்டிருந்தார்.

கீழ் கோத்தகிரியில் பட்டப்பகலிலேயே மேகம் இறங்கி இருட்டிக் கிடந்தது. போதாக்குறைக்கு அந்தக் கார் வேறு! யானை மாதிரி வந்து, வரிசையாக ஒட்டிக் கட்டிய எஸ்டேட் லைன் வீட்டு ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் வயர் ஜன்னல் வழியாக ஹாலுக்குள் வந்து, டி.வி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் குத்தியிருந்தது.

"மேடு ஏறினா சார்ஜைக் கொஞ்சம் ஜாஸ்தியாக் குடிக்குமுங்க. மத்தபடி ராஜா வண்டி" என்றார் வேலுசாமி.

"அதுக்கென்னங்க, எத்தனை நேரம் வேணுமோ போட்டுக்குங்க. நம்ம ஊடுதானே?" என்றார் காளிமுத்து. டீ ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க். கை கட்டித்தான் பேசினார்.

மாப்பிள்ளைப் பையன் சுஜித் வாயே திறக்கவில்லை. "அந்த ரோட்டுக்கு இத்தாப்பெரிய வண்டி ஒத்து வராதுப்பா, சின்ன கார்லயே போலாம்" என்று கோயமுத்தூரில் கிளம்பும்போதே சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டவன். அவன் சொன்னபடியே ஒரு வளைவில் எதிரே வந்த பஸ்தான் ரிவர்ஸ் எடுத்து வழிவிட வேண்டியிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் என்னென்ன திட்டினார்களோ, கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்ததால் பிழைத்தார்கள்.

கூடப் படித்த ராஜப்ரியாவைத்தான் கட்டுவேன் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றதால்தான் சாந்தாமணி மலை ஏறியதே. மனசில்லாமல் வந்தவளுக்குக் குறை கண்டுபிடிக்கச் சொல்லியா தர வேண்டும்?

கை கழுவப் போனாள். தண்ணீர் விரலைக் கடித்தது. ஹீட்டர் சுவரில் சும்மா தொங்கியது. வந்து எத்தனையோ நேரம் கழித்துத்தான் பஜ்ஜியும் டீயும் வந்தன. டீயில் ஒரே புகை நாற்றம். டீ விளைகிற ஊரில் இந்த லட்சணம்!

டீ கொண்டுவந்த ராஜப்ரியாவின் கண் இரண்டும் சிவந்து கிடந்தன. மூக்கை வேறு உறிஞ்சினாள்.

'அழுதிருக்கா! நம்ம பையன்தான் தலைகீழா நிக்கிறான், அவளுக்கு இஷ்டமே இல்ல. ஊடும் கஞ்சத்தனமான ஊடு. போதும்டா சாமி.'

சாந்தாமணி எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வர்றோமுங்க. ஊட்டுல கலந்துக்கிட்டு சொல்லி அனுப்பறோம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியாதா? காளிமுத்துவின் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் "சரிங்க" என்று கும்பிட்டார். சுஜித் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போய் வயரைப் பிடுங்கினான்.

உடனே காளிமுத்துவின் மனைவி சசிகலா சுவிட்சைத் தட்டினாள். பளிச்சென்று ஹாலில் லைட் எரிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. "சசிக்கா! கார்க்காரங்க கிளம்பிட்டாங்களா? இனி கரண்ட் போட்டுக்கலாமா? மாவு பாதி ஆட்டினபடி கெடக்குது!"

"போட்டுக்கோ பாலாமணி!"

வரிசையாக வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்தது. ஒரு வீட்டில் கிரைண்டர் ஓடியது, இன்னொன்றில் டி.வி. கத்தியது.

சாந்தாமணி வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "என்னங்க இது?"

"ஒண்ணுமில்லீங்க" என்றார் காளிமுத்து. "இந்த லைன் முச்சூடும் ஒரே பழைய ஒயரு. காருக்கு சார்ஜ் ஏறுறப்ப வேற எதைப் போட்டாலும் ஃப்யூஸ் போயிரும். அதான் எல்லார்த்தையும் அணைச்சு வைக்கச் சொன்னேன். நல்ல காரியத்துக்கு வந்த வண்டி, வழியில நின்னுறக் கூடாதுங்களே!"

"அப்ப... புள்ள கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

"புகைங்க அத்தை" என்றாள் ராஜப்ரியா. "கேஸ் தீந்துபோச்சு. கரண்ட் அடுப்பும் வைக்க முடியல. பின்னாடி விறகு அடுப்புல போட்டோம். மழையில விறகெல்லாம் ஈரம்."

சீ, என்ன நினைப்பு நினைத்துவிட்டோம்! சாந்தாமணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

சுஜித் வயரைச் சுருட்டியபடி தரையைப் பார்த்துப் பேசினான். "சார்ஜே போட்டிருக்க வேண்டாமுங்க மாமா. இறக்கத்துல இறங்குறப்ப வண்டி தானாவே சார்ஜ் ஏத்திக்கும். மேட்டுப்பாளையம் வரைக்கும் கவலையே இல்ல. அப்பாவுக்கும் தெரியும். 'வாசல்ல நின்னு சார்ஜ் ஏறட்டும்டா, நாலு பேர் பார்க்கட்டும்'னாரு. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். தப்புங்க."

வேலுசாமி செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

சாந்தாமணி பாய்ந்துபோய் ராஜப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்குப் புள்ளையைப் புடிச்சிருக்குதுங்க! கார்ல பூ இருக்குது. இப்பவே பூ வெச்சுட்டுப் போயிடறோம்."

ராஜப்ரியா அப்பாவைப் பார்த்தாள். பிறகு கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

காளிமுத்து மறுபடியும் கும்பிட்டார். அதே மரியாதை, அதே குரல்.

"சந்தோசமுங்க. நாங்களும் ஊட்டுல கலந்துக்கிட்டு சொல்லி அனுப்பறோமுங்க."