நடுவரின் குரல்

ஒக்லஹோமாவின் செம்மண் மேட்டடியில் சுட்டு வீழ்த்த வேண்டிய வெள்ளை இரும்புத் தட்டுகள் காலை வெயிலில் கண்ணைக் கூசவைக்கின்றன. கைத்துப்பாக்கி, ரைஃபிள், ஷாட்கன் மூன்றையும் இரவல் வாங்கிக்கொண்டு, ஐம்பத்தெட்டு வயது வெர்னா முதல்முறையாகத் துப்பாக்கிப் போட்டிக்கு வந்திருக்கிறாள். "தட்டு திருப்பிச் சுடாதுக்கா, தைரியமா அடிங்க!" என்று வரிசையிலிருந்து ஒருவன் கத்த, எல்லோரும் சிரிக்கிறார்கள். நேரக்கருவியோடு அவள் பின்னால் நிற்கும் நடுவர் கோல்பி சிரிக்கவில்லை. அவன் அவளுடைய மகன். அவனுடைய அப்பாவின் அடக்கத்துக்கு அவள் வராததிலிருந்து ஆறு வருடமாகப் பேச்சில்லை. நடுவர் போட்டியாளரிடம் பேசியே ஆகவேண்டும் என்பதால்தான் அவள் பெயர் கொடுத்தாள். "ரெடியா இருக்கீங்களா?" என்கிறான். தலையசைக்கிறாள். கருவி கீச்சிடுகிறது. மூன்று துப்பாக்கிகளையும் மாற்றி மாற்றிச் சுட்டும் பாதித் தட்டுகள் விழவில்லை. ஷாட்கன் இடித்த தோள் எரிகிறது. "முடிஞ்சுதுன்னா குண்டைக் காலி பண்ணிக் காட்டுங்க." காட்டுகிறாள். புகை வாசத்துக்குள் அவன் முகம் அவள் தோளருகே குனிகிறது. "நல்லா இருக்கியாடா?" என்கிறாள் மெல்ல. அவன் துப்பாக்கியை மட்டும் பார்க்கிறான். "நூத்திப் பதினாலு செகண்ட்" என்று சீட்டெழுதுபவரிடம் சொல்கிறான். அவள் நகரவில்லை. "அடுத்தவங்க வரணும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா." எந்தப் பெண்ணிடமும் அவன் சொல்லும் அம்மாதான். அவள் தள்ளி நிற்கிறாள்.