இரட்டை விசில்

விசில் அடித்து ஒரு பூவை மலர வைத்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான்.

நம்பவேண்டாம். பக்கத்தில் இருந்த அவளே நம்பவில்லை.

அவள் பாறை இடுக்கில் குப்புறப் படுத்திருந்தாள். மூக்குக்கு ஒரு சாண் தள்ளி அந்தக் கொடி. நூல் மாதிரி. அதில் ஒரு மொட்டு.

ஒரே ஒரு மொட்டு.

இந்த மலையைத் தவிர வேறெங்கும் இல்லை என்று எந்தக் காலத்திலோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர் இல்லை. பூக்காதபோது வேலியோரத்துக் கொடிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது.

நாளை காலை, மலையின் அரிய செடிகளைக் குறித்த அவளுடைய வரைபடம் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறது. இந்த இடத்தில் ஒரு புள்ளி இருந்தால் மலை இருக்கும்.

இல்லையென்றால் கல் குவாரி.

அடிவாரத்தில் இரண்டு பொக்லைன் வந்து நின்றுவிட்டன. அவற்றின் மஞ்சள் இங்கிருந்தே தெரிந்தது.

"புள்ளிய வச்சிரும்மா. மொட்டுதான் இருக்கே. யாரு வந்து பாக்கப் போறா?"

"பூவைப் பாக்காம வைக்க மாட்டேன் சார்."

"அப்ப நகத்தால லேசாப் பிரிச்சுப் பாரேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் எரிந்து, சாம்பலாகி, காற்றில் பாதி தென்காசி வரை போய்விட்டேன்.

பிரித்தால் மொட்டு போகும். மொட்டு போனால் விதை போகும்.

காலையிலிருந்து அவள் தண்ணீர் குடிக்கவில்லை. அந்தப் பாறைச் சூட்டில் ஒரு மூட்டை நெல் அவித்திருக்கலாம். நான் செடி தேட வந்தவன் என்று பெயர். ஓய்வுபெற்ற கண்டக்டர். வேலியில் ஓடுவது கோவையா பாகலா என்று காய்த்த பிறகுதான் சொல்வேன். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிழல் அவளுக்கு இல்லை. கொடிக்கு.

பொழுது சாய்ந்தது.

பாறை சிவந்தது. பிறகு கறுத்தது.

கீழே ஜீப்பில் இருந்த வனக்காவலர் பூலுடையார் ஆரன் அடித்தார். இருட்டினால் கரடி இறங்கும்.

அவள் எழுந்திருக்கவில்லை. கேமராவை மூடினாள். நெற்றியைப் பாறையில் வைத்துக்கொண்டாள்.

தோள் மட்டும் குலுங்கியது.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆயுள் முழுக்க அதைத்தான் செய்தேன். மலைப்பாதையில் நின்றுபோன வண்டிகூட என் விசிலுக்குக் கிளம்பியிருக்கிறது. டிரைவர் ஏறுவதற்கு முன்பே.

ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும்.

இரண்டு என்றால் போகலாம்.

சட்டைப்பையிலிருந்து எடுத்தேன். இரண்டு அடித்தேன்.

அவள் திட்டுவதற்காகத் தலையைத் தூக்கினாள்.

வாய் திறந்தபடியே நின்றது.

மொட்டின் நுனி ஒட்டியே இருக்க, பக்கங்கள் மட்டும் மெல்லப் பிளந்தன. ஐந்து சன்னல். உள்ளே ஊதா இருட்டு.

ஒரு சிறு ஈ வந்து சன்னலோரம் உட்கார்ந்தது.

அவள் படம் எடுத்தாள். மறுபடி எடுத்தாள். வரைபடத்தில் புள்ளியை வைத்தாள்.

பூலுடையார் மூச்சிரைக்க மேலே வந்தார்.

"விசிலடிச்சது யாருவே? கரடிதான் வந்துட்டோன்னு ஓடி வாரேன்."

"நான்தான் அடிச்சேன். பூத்துட்டு."

"நல்லா விட்டீரே ஒரு பீலா! பொழுது சாஞ்சா பூக்குத சாதியா இருக்கும். என்ன மேடம்?"

அவள் மண்டியிட்டு, கொடியைச் சுற்றி இருந்த சருகை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"இது எப்பப் பூக்கும்னு இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல அண்ணாச்சி. நான் பாத்ததத்தான் நான் சொல்ல முடியும்."

முகத்தைத் துடைத்தாள்.

"சார் விசிலடிச்சாங்க. பூத்துச்சு."